சிறு மண்டலங்களின் சான்று: வானநூலறிஞர் வோல்ற்றர் பாடே

வானத்தை அளக்கப் புகுந்தோர் பெரும்பாலும் பெரியனவற்றையே முதலில் நோக்குவர். ஞாயிறும் திங்களும் கோள்களும், அவற்றுக்கு அப்பால் ஒளிமிக்க விண்மீன்களும், கண்ணைக் கவரும் சுருள் மண்டலங்களுமே அவர்தம் கருத்தை ஈர்த்தல் இயல்பு. ஆயின், மங்கலாய்ச் சிறியனவாய், ஒளிப்படத் தட்டிற் படிந்த மாசென்று தள்ளத்தக்கனவாய்க் கிடந்த சில சிற்றமைப்புக்களைப் பொறுமையோடு ஆராய்ந்து, அவை கூறிய சான்றினைக் கொண்டு பேரண்டத்தின் அளவையே திருத்தியமைத்த அறிஞர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். ஜேர்மனியிற் பிறந்து, அமெரிக்காவிற் பணியாற்றி, மீண்டும் தாய்நாட்டு மண்ணிலேயே கண்மூடிய வோல்ற்றர் பாடே என்பவரே அவர்.

பாடே 1893 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் நாள் ஜேர்மனியின் வெஸ்ற்பாலியாப் பகுதியிலுள்ள ஸ்குரோற்றிங்ஹவுசன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பள்ளி ஆசிரியர். மகன் சமயக் கல்வி கற்றுத் திருச்சபைப் பணியில் அமர வேண்டுமென்பது பெற்றோரின் விருப்பம். மகனுடைய உள்ளமோ வானத்தை நாடியது. முதலில் மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்திலும் பின்னர்ப் புகழ்பெற்ற கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் அவர் கணிதமும் வானநூலும் பயின்றார். பிறவியிலேயே இடுப்பு மூட்டிற் குறை இருந்தமையால் அவர் சிறிது சாய்ந்தே நடப்பார். முதல் உலகப்போர் மூண்டபோது, அக்குறையே அவரைப் போர்முனைக்குச் செல்லாது காத்தது. போர்க்காலத்திற் காற்றியக்க ஆய்வுகூடமொன்றிற் பணி செய்துகொண்டே கல்வியைத் தொடர்ந்து, 1919 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே ஹம்பேர்க் நகரை அடுத்த பேர்கடோவ் வானாராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். அங்கிருந்த தொலைகாட்டி ஒரு மீற்றர் விட்டமுள்ள ஆடியை உடையது. ஜேர்மனியின் முகில்மூடிய வானமோ அதற்குப் பேரிடையூறு. இருந்தும் 1920 ஆம் ஆண்டில், சனிக்கோளின் பாதைவரை சென்று மீளும் ஹிடல்கோ என்னும் சிறுகோளை அவர் கண்டார். 1922 ஆம் ஆண்டில் வால்வெள்ளி ஒன்றையும் கண்டார். 1926 ஆம் ஆண்டிற் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று, அங்கிருந்த பெருந் தொலைகாட்டிகளைக் கண்ணாரக் கண்டபின், தம் வாழ்நாட்பணிக்கு உரிய இடம் எது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

ஹம்பேர்க்கில் அவருக்கு வாய்த்த நண்பருள் ஒருவர் பேர்ன்ஹாட் ஸ்மிற் என்பார். ஒரு கையை இழந்தவராயினும், ஆடி தீட்டும் தொழிலில் அவருக்கு இணையானவர் அந்நாளில் அரியர். 1929 ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தைக் காண இருவரும் பிலிப்பைன் தீவுகளுக்குக் கப்பலேறினர். அப்பயணத்தின்போதே, வானத்தின் பெரும்பரப்பை ஒரே தட்டிற் பழுதின்றிப் பதியவல்ல புதுவகை ஒளிப்படக்கருவி பற்றிய தம் எண்ணத்தை ஸ்மிற் பாடேக்கு எடுத்துரைத்தார். அக்கருவியின் அருமையை உணர்ந்த பாடே, பின்னர் அமெரிக்காவில் அதனைப் பரப்பினார். அவ்வினத்துக் கருவியொன்று பலோமர் மலையில் நிறுவப்பட்டு, இவ்வரலாற்றின் இறுதிப் பகுதிக்கு வேண்டிய ஒரு கண்டுபிடிப்பை நல்கியதைப் பின்னர்க் காண்போம்.

1931 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலை வானாராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. அக்காலத்தில் உலகிற் பெரியதாயிருந்த நூறு அங்குலத் தொலைகாட்டி அங்கேயே இருந்தது. எட்வின் ஹபிள் என்பார் அதனைக்கொண்டு, நம் பால்வீதி மண்டலத்துக்குப் புறம்பே வேறு உடுமண்டலங்கள் உள்ளன என்பதையும், அவை ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்கின்றன என்பதையும் நிலைநாட்டியிருந்தார். பாடே அங்குச் சேர்ந்த சில ஆண்டுகளுள், 1934 இல், பிரிட்ஸ் சுவிக்கி என்பாரோடு சேர்ந்து ஒரு துணிந்த கருத்தை வெளியிட்டார். சில விண்மீன்கள் பேரொளியுடன் வெடித்துச் சிதறுங்கால், அவற்றின் நடு ஒடுங்கி, நியூத்திரன்களாலான மிகச்சிறிய, மிகச்செறிந்த உடுவாய் எஞ்சும் என்பதே அது. அத்தகைய உடுவொன்று உண்மையிற் காணப்பட மேலும் முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

இனி, அவருடைய பெரும்பணிக்குக் களமாய் அமைந்த குறு உடுமண்டலங்கள் எத்தன்மையன என்பதைச் சிறிது விளக்குதல் தகும். உடுமண்டலம் என்பது ஈர்ப்பினால் ஒன்றுகூடி நிற்கும் விண்மீன்களின் பெருங்கூட்டம். நம் ஞாயிறு அடங்கிய பால்வீதி மண்டலத்திற் பத்தாயிரங் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. இத்தகைய பெருமண்டலத்தைச் சூழ, பெருநகரை அடுத்த சிற்றூர்கள்போலச் சில சிறுமண்டலங்கள் இயங்குகின்றன. அவற்றுட் சிலவற்றின் மொத்த ஒளி, ஞாயிற்றைப்போன்ற சில இலட்சம் உடுக்களின் ஒளிக்கு மேற்படாது. அவை மங்கலானவை, விண்மீன்கள் ஐதாய்ப் பரந்து கிடப்பவை, எளிதிற் கண்ணுக்கும் கருவிக்கும் தப்பிவிடுபவை.

1938 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்லோ ஷாப்லி என்பார், தென்னாபிரிக்காவிலிருந்த தம் நிலையத்தில் எடுக்கப்பட்ட தட்டுக்களில் இவ்வினத்தன இரண்டைக் கண்டார். ஒன்று சிற்பி என்னும் உடுத்தொகுதியின் திசையிலும், மற்றையது உலை என்னும் உடுத்தொகுதியின் திசையிலும் இருந்தன. செய்தி அறிந்த பாடேயும் ஹபிளும் நூறு அங்குலத் தொலைகாட்டியை அத்திசைக்குத் திருப்பினர். அவை தென்வானுக்குரியவை. எடுத்துக்காட்டாக, சிற்பி மண்டலம் நம் யாழ்ப்பாணத்து வானில் உச்சத்தில் நிற்கும்போது அடிவானிலிருந்து ஏறக்குறைய 46 பாகை உயரத்தில் நிற்கும். வில்சன் மலையிலிருந்து நோக்குவோர்க்கோ ஏறத்தாழ 22 பாகை உயரமே எழும். தாழ்வானத்தின் தடித்த காற்றுக்கூடாக நோக்கியும் அவ்விருவரும் அதன் உடுக்களைத் தனித்தனியே பிரித்துக் கண்டனர்.

1939 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. சுருள் மண்டலங்களின் கைகளிற் காணப்படும் நீலநிறப் பேரொளி உடுக்கள் அங்கே இல்லை. புதிய உடுக்கள் பிறத்தற்கு வேண்டிய வாயுவும் தூசும் இல்லை. பால்வீதியைச் சூழ்ந்துள்ள பழமைவாய்ந்த கோளக் கொத்துக்களில் உள்ளவை போன்ற உடுக்களே அங்கு இருந்தன. ஒளி கூடியும் குறைந்தும் ஒரு நாளுக்கும் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும் ஆர்.ஆர். லைரே என்னும் மாறொளி மீன்களும் அவற்றுட் காணப்பட்டன. கோளக் கொத்துக்களுக்கே உரியவை எனக் கருதப்பட்ட உடுக்கள் ஒரு மண்டலம் முழுவதையும் நிறைத்து நிற்றல் எவ்வாறு? இவ்வினா பாடேயின் உள்ளத்தில் வித்தாய் விழுந்தது. அது முளைத்தற்கு ஓர் இடுக்கண் நேர வேண்டியிருந்தது.

1941 ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது. பாடே அந்நாட்டிற் பத்து ஆண்டுகள் வாழ்ந்தவராயினும் அதன் குடியுரிமையைப் பெற்றிருக்கவில்லை. குடியுரிமை வேண்டித் தொடக்கத்திற் பெற்ற பத்திரங்களை வீடு மாறும்போது தவறவிட்டார். மீண்டும் அதற்கு முயன்றாரல்லர். தட்டுக்களிற் காட்டிய ஒழுங்கைத் தம் காரியங்களில் அவர் காட்டியதில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் பகைநாட்டு அந்நியர் ஆனார். இரவு எட்டு மணி தொடக்கம் காலை ஆறு மணிவரை வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்பது அத்தகையோர்க்கு விதிக்கப்பட்ட கட்டளை. இரவிலே தொழில் செய்யும் வானநூலறிஞர்க்கு இதனினும் கொடிய தளை வேறு உண்டோ? நிலையத்தின் பணிப்பாளராகிய வோல்ற்றர் அடம்ஸ் என்பார் படைத்துறையினரிடம் வாதாடி, பாடே மலைக்குச் சென்று பணிபுரிய இசைவு பெற்றுக்கொடுத்தார். அவ்வொருவர் அன்று வாளாவிருந்திருப்பின், பின்வரும் வரலாறு வேறாய் முடிந்திருக்கும்.

தளை நீங்கியதும், வந்த இடர் வாய்ப்பாய் மாறிற்று. ஹபிள் முதலிய அறிஞர் பலர் போர்ப்பணிக்குச் சென்றுவிட்டனர். பகைநாட்டவர் என்பதனால் பாடே அப்பணிக்கு அழைக்கப்படவில்லை. எனவே உலகின் பெருந் தொலைகாட்டியிற் பிறர்க்குக் கிடைத்திராத அளவு இரவுகள் அவருக்குக் கிடைத்தன. மலையடிவாரத்திலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குக்களும் போர் காரணமாக மங்கச் செய்யப்பட்டன. வானம் இருண்டது, உடுக்கள் தெளிந்தன.

அந்திரொமீடா மண்டலத்தின் புறப்பகுதியிலுள்ள உடுக்களை ஹபிள் தனித்தனியே பிரித்துக் கண்டிருந்தார். ஆனால் அதன் நடுப்பகுதியோ, அதனை அடுத்துள்ள இரு சிறு துணைமண்டலங்களோ எவர்க்கும் பிரிந்து தோன்றியதில்லை. எத்துணை நேரம் பதிவு செய்தாலும் வெறும் வெண்புகையாகவே அவை தெரிந்தன. பாடே சிந்தித்தார். அங்குள்ள உடுக்கள், சிற்பி மண்டலத்து உடுக்களை ஒத்தனவாயின், அவற்றுள் ஒளிமிக்கவை சிவப்பு நிறத்தனவாய் இருத்தல் வேண்டும். நீல ஒளியை மட்டும் நன்கு பற்றும் தட்டுக்களிற் சிவப்பு உடுக்களைத் தேடுதல், வலையின் கண்ணினும் சிறிய மீனைப் பிடிக்க முயல்வதை ஒக்கும். ஆதலாற் சிவப்பொளியைப் பற்றவல்ல புதிய தட்டுக்களைத் தெரிந்து, சிவப்பு வடியினூடாகப் பதிவு செய்யத் துணிந்தார்.

துணிதல் எளிது, செய்து முடித்தல் அரிது. அத்தட்டுக்கள் ஒளியைப் பற்றுவதில் மந்தமானவை. ஒரு தட்டுக்கு மணிக்கணக்கான நேரம் வேண்டும். அந்நேரம் முழுவதும் தொலைகாட்டி மண்டலத்தை மயிரிழையும் பிசகாது தொடர வேண்டும். இரவு குளிருந்தோறும் ஆடியின் வடிவம் நுட்பமாய் மாற, குவியமும் இடம்பெயரும். பதிவை நிறுத்திக் குவியத்தைச் சோதிக்கவும் இயலாது. பாடே வழிகாட்டும் உடுவொன்றை மிகப்பெருக்கிக் காட்டும் வில்லையினூடாக நோக்கி, அதன் உருவிற் தோன்றும் சிறு திரிபைக் கொண்டே குவியத்தை இடையிடையே திருத்திக்கொண்டார். காற்று அசைவற்று, ஆடியின் வெப்பநிலை மாறாது நிற்கும் இரவுகளை மட்டும் தேர்ந்துகொண்டார்.

1943 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவ்வுழைப்புப் பலித்தது. தட்டைக் கழுவி நோக்கியபோது, வெண்புகையாய்த் தெரிந்த இடமெங்கும் எண்ணிறந்த சிறு புள்ளிகள் செறிந்திருந்தன. அந்திரொமீடாவின் நடுப்பகுதியும், எம் 32 என்றும் என்.ஜி.சி. 205 என்றும் பட்டியலிற் குறிக்கப்படும் அதன் துணைமண்டலங்கள் இரண்டும் விண்மீன்களாய்ப் பிரிந்து நின்றன. பின்னர் என்.ஜி.சி. 147, 185 என்னும் வேறு இரு குறுமண்டலங்களும் அவ்வாறே பிரிந்தன. அதனால் அவையும் நம் அயலிலுள்ள கூட்டத்தைச் சேர்ந்தவையே என்பது புலனாயிற்று.

1944 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளில் பாடே தம் பெருங்கருத்தை எடுத்துரைத்தார். விண்மீன்கள் அனைத்தும் ஒரே குடியைச் சேர்ந்தவையல்ல. சுருட்கைகளில் வாயுவோடும் தூசோடும் கலந்து, நீலப் பேரொளி உடுக்களைத் தலைமையாகக்கொண்டு விளங்குவன முதலாம் குடி. கோளக் கொத்துக்களிலும், மண்டலங்களின் நடுப்பகுதியிலும், தூசற்ற குறுமண்டலங்களிலும் சிவப்பு உடுக்களைத் தலைமையாகக்கொண்டு விளங்குவன இரண்டாம் குடி. எண்ணாற் பிந்தியதாயினும் இரண்டாம் குடியே வயதில் மூத்தது. உடுக்கள் எவ்வாறு மூப்படைகின்றன என்னும் ஆராய்ச்சி பின்னர் வளர்ந்து, முதலாம் குடியில் இளையனவும் உள. இரண்டாம் குடியிலோ மிகப் பழையனவே உள என்பதை உறுதி செய்தது.

இப்பாகுபாடு நிறத்தோடு நின்றதன்று; அசைவிலும் அது வெளிப்பட்டது. ஞாயிற்றின் அயலிலுள்ள உடுக்களுட் பெரும்பாலன, ஒரே திசையிற் செல்லும் தேர்க்கூட்டம்போலப் பால்வீதியின் நடுவைச் சுற்றி வருகின்றன. சிலவோ அக்கூட்டத்தோடு ஒட்டாது மிகுந்த வேகத்துடன் குறுக்கிட்டுச் செல்வன. இவ்விரைவுடுக்களின் இயல்பை ஒல்லாந்து அறிஞர் யான் ஊர்ட் 1926 ஆம் ஆண்டளவில் விரிவாய் ஆராய்ந்திருந்தார். அவை இரண்டாம் குடியின் உறுப்பினர் என்பதைப் பாடே உணர்ந்தார். எனவே ஓர் உடுவின் நிறமும், இருப்பிடமும், ஓட்டமும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதும், அவை மூன்றும் அதன் பிறப்பு வரலாற்றைப் பேசுவன என்பதும் தெளிவாயின.

போர் முடிந்தபின், 1948 ஆம் ஆண்டிற் பலோமர் மலையில் இருநூறு அங்குலத் தொலைகாட்டி திறந்துவைக்கப்பட்டது. அந்திரொமீடாவில் ஆர்.ஆர். லைரே மாறொளி மீன்களைக் காண்பதே பாடேயின் முதல் முயற்சி. அம்மண்டலம் உள்ளதாகக் கருதப்பட்ட ஏழரை இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் அது உண்மையில் இருப்பின், அம்மீன்கள் புதிய கருவிக்கு எட்டும் எல்லையிற் தெரிந்திருக்க வேண்டும். அவர் தேடினார், தெரியவில்லை. அவ்வெல்லையில், அவற்றினும் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளிமிக்க சிவப்புப் பேருடுக்களே தோன்றின. வேறொருவராயின் தட்டையோ வானிலையையோ குறை கூறியிருப்பார். பாடேயோ தம் தட்டுக்களின் தரத்தை நன்கறிந்தவர். காணப்பட வேண்டியது காணப்படாமையே அவருக்குச் சான்றாயிற்று. குறை தட்டில் இல்லை. அளவுகோலில் உள்ளது என்று அவர் துணிந்தார்.

அவ்வளவுகோல் பிறந்த இடமும் ஒரு சிறுமண்டலமே. ஹென்றியெற்றா லெவிற் என்னும் அம்மையார் சிறிய மகலனிய முகிலிலுள்ள செபீட் மாறொளி மீன்களை ஆராய்ந்து, ஒளி மாறும் காலம் கூடக் கூட அவற்றின் ஒளியும் கூடும் என்பதை 1912 ஆம் ஆண்டில் நிறுவியிருந்தார். அதனைத் தொலைவறியும் கோலாக்கிய பின்வந்தோர், இரு குடிகளையும் சேர்ந்த மாறொளி மீன்களை வேறுபாடறியாது ஒன்றாய்க் கலந்து கணித்தனர். உண்மையில் முதலாம் குடிச் செபீட் மீன்கள் நினைத்ததினும் நான்கு மடங்கு ஒளியுடையவை. ஒளி நான்கு மடங்காயின், தொலைவு இரு மடங்காகும்.

1952 ஆம் ஆண்டு செப்டெம்பரில் உரோம் நகரிற் கூடிய அனைத்துலக வானநூலறிஞர் மகாநாட்டில் பாடே இதனை அறிவித்தார். உடனே, பிரிற்றோரியா நகரிலிருந்து வந்திருந்த டேவிட் தக்கறே என்பார் எழுந்து, சிறிய மகலனிய முகிலிலுள்ள கொத்தொன்றில் ஆர்.ஆர். லைரே மீன்களைத் தாம் கண்டதாகவும், அவை எதிர்பார்த்ததினும் மங்கலாயிருந்தமையால் அம்முகிலும் நினைத்ததினும் தொலைவிலே இருத்தல் வேண்டும் எனவும் உரைத்தார். பெருமண்டலத்தில் எழுந்த ஐயத்தைச் சிறுமண்டலம் தீர்த்துவைத்தது. பால்வீதிக்கு அப்பாலுள்ள தொலைவுகள் அனைத்தும் ஒருநாளில் இருமடங்காயின. அண்டத்தின் வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டு என முன்னர்க் கணிக்கப்பட்டிருந்தது. புவியின் வயதோ 300 கோடிக்கும் மேல் எனப் புவிச்சரிதவியலார் கூறினர். பிள்ளை தாயினும் மூத்ததாய்த் தோன்றிய அம்முரண்பாடு பாடேயின் திருத்தத்தாற் தணியத் தொடங்கிற்று. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்பது இன்றைய கணிப்பு.

முன்னோர் வகுத்த அளவை மறுத்த இடத்தும் பாடே அவர்களை இகழ்ந்தாரல்லர். ஹபிளின் பணியின்மீதே தம் பணியை எழுப்பினார். எனினும் அவரிடத்தும் ஒரு குறை இருந்தது. பேசுவதில் அவருக்கு இருந்த விருப்பம் எழுதுவதில் இருக்கவில்லை. முழுநிறைவு கண்டாலன்றி எதனையும் அச்சுக்கு அனுப்ப மனம் ஒப்பார். அதனால், அரிய தட்டுக்கள் பல அளக்கப்படாமலும், அளந்தவை எழுதப்படாமலும் அவருடைய பெட்டிகளிற் கிடந்தன. அவ்வுழைப்பு அவரோடு மறைந்து போயிருத்தல் கூடும். அவ்வாறு மறையாது காத்தவர் ஹென்றியெற்றா சுவோப் என்னும் அம்மையார்.

சுவோப் அம்மையார் ஹாவார்டில் மாறொளி மீன்களை ஆராய்ந்து பயிற்சி பெற்றவர். 1952 ஆம் ஆண்டிற் பாடேயின் துணைவராய் அமர்ந்து, அவருடைய தட்டுக்களை ஒவ்வொன்றாய் அளக்கலானார். அக்காலத்தில், முன்னர்க் கூறிய ஸ்மிற் கருவி பலோமரில் வடவானம் முழுவதையும் படமெடுத்துக்கொண்டிருந்தது. 1954 ஆம் ஆண்டில் அத்தட்டுக்களில் அல்பேட் வில்சன் என்பார் மேலும் சில குறுமண்டலங்களைக் கண்டார். பறக்கும் நாகமாக மேனாட்டார் கற்பித்த திரேக்கோ என்னும் வடவான் உடுத்தொகுதியிலுள்ளது அவற்றுள் ஒன்று. அதன் தொலைவு ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஒளியாண்டு. பாடே இருநூறு அங்குலத் தொலைகாட்டியால் அதனை மீண்டும் மீண்டும் படம்பிடித்தார். சுவோப் அம்மையார் அத்தட்டுக்களில் இருநூறுக்கு மேற்பட்ட மாறொளி மீன்களைத் தேடியெடுத்தார். விரிவாய் ஆராயப்பட்டவற்றுட் சில நீங்கலாக அனைத்தும் ஆர்.ஆர். லைரே இனத்தனவே. அக்குறுமண்டலம் இரண்டாம் குடியின் தூய இருப்பிடம்போல விளங்கிற்று.

1958 ஆம் ஆண்டிற் பாடே ஓய்வு பெற்றார். ஹாவார்டில் அவர் அவ்வாண்டு நிகழ்த்திய விரிவுரைகள், அவர் மறைந்தபின் நூலாயின. அவுஸ்திரேலியா சென்று தென்வானத்தையும் கண்டு, தாம் பயின்ற கோட்டிங்கனுக்கே பேராசிரியராய் மீண்டார். பிறவிமுதல் தம்மை வருத்திய இடுப்பு மூட்டுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் நெடுநாள் படுக்கையிற் கிடந்து, 1960 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆம் நாள் தமது 67 ஆவது வயதிற் காலமானார். திரேக்கோ மண்டலம் பற்றிய ஆராய்ச்சி அடுத்த ஆண்டில், பாடே பெயரும் சுவோப் பெயரும் ஒருங்கே தாங்கி வெளிவந்தது. அவர் எழுதாது விட்ட வேறு ஆராய்ச்சிகளையும் அவ்வம்மையார் தொடர்ந்து நிறைவு செய்தார்.

பாடே கண்ட அச்சிறுமண்டலங்கள் அவர்க்குப் பின்னும் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஓர் உடுவின் ஒளியைப் பிரித்து, அதன் கோடுகள் எவ்வளவு இடம்பெயர்ந்துள்ளன என அளந்தால், அது நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம் தெரியவரும். 1983 ஆம் ஆண்டில் மார்க் அரன்சன் என்பார் திரேக்கோவிலுள்ள மூன்று உடுக்களின் வேகங்களை இவ்வாறு அளந்தார். அவை எதிர்பார்த்ததினும் மிகுதியாய் வேறுபட்டிருந்தன. ஈண்டு மாணவர் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கயிற்றிற் கட்டிய கல்லை விரைந்து சுழற்றுந்தோறும் கயிறு வலியதாதல் வேண்டும். இல்லையேல் கல் பறந்துவிடும். அவ்வாறே உடுக்கள் விரைந்து அசையுந்தோறும் அவற்றைக் கட்டிநிறுத்தும் ஈர்ப்பு வலியதாதல் வேண்டும். திரேக்கோவில் ஒளிவிடும் உடுக்கள் அனைத்தையும் கூட்டினும் அதற்கு வேண்டிய திணிவு தேறாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் பெருந்தொகையாய் அங்கே இருத்தல் வேண்டும். மூன்று உடுக்களைக் கொண்டு இத்தகைய முடிவா எனப் பலர் ஐயுற்றனர். பின்னர் நூற்றுக்கணக்கான உடுக்களை அளந்தபோதும் அம்முடிவே நிலைத்தது. 2004 முதல் 2022 வரை ஹபிள் விண்தொலைகாட்டி எடுத்த படங்களை ஒப்பிட்டு, திரேக்கோ உடுக்கள் வானிற் பக்கவாட்டாய் நகரும் நுண்ணிய அசைவும் அளக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. கரும்பொருள் அம்மண்டலத்தின் நடுவை நோக்கிச் செறிந்து செல்கின்றது என்பதற்கு அவை சான்று பகர்கின்றன.

சிற்பி மண்டலமோ பாடேயின் கருத்தையே திருத்தியது. 1939 ஆம் ஆண்டில் அது ஒரே குடியினர் வாழும் ஊராய்த் தோன்றிற்று. 2004 ஆம் ஆண்டில், சிலி நாட்டிலுள்ள பெருந் தொலைகாட்டியால் அதன் உடுக்கள் முந்நூறுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தோர் அங்கு இரு பிரிவினர் இருத்தலைக் கண்டனர். இரும்பு முதலிய பாரமூலகங்கள் சற்று மிகுந்த பிரிவு நடுவிற் செறிந்து அமைதியாய் அசைகின்றது. அதன் வேகப்பரம்பல் வினாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். அம்மூலகங்கள் மிகக் குறைந்த மூத்த பிரிவு புறத்தே பரந்து விரைந்து அசைகின்றது. அதன் வேகப்பரம்பல் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். ஆகவே, பழையன எல்லாம் ஒரு குடி என்று கூறி அமைதல் இயலாதாயிற்று. பெருமண்டலங்களின் நடுப்பகுதியிலுள்ள முதிய உடுக்களுட் பல, பாரமூலகங்கள் நிறைந்தவை என்பதும் பாடேயின் இறுதிக் காலத்திலேயே வெளிப்படலாயிற்று. 1957 ஆம் ஆண்டில் வத்திக்கானிற் கூடிய அறிஞர் அவை, அவரும் உடனிருக்க, இரு குடிகளை மேலும் பல பிரிவுகளாய் வகுத்தது. தாம் இட்ட வேலியைத் தம் கண்முன்னே பிறர் நீட்டியபோது அவர் அதற்குத் தடை நின்றாரல்லர், உடனமர்ந்து ஆராய்ந்தார்.

இன்று சிலி நாட்டின் லஸ் கம்பானஸ் மலைமீது ஆறரை மீற்றர் விட்டமுள்ள இரட்டைத் தொலைகாட்டிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் வோல்ற்றர் பாடே. அதன் இணைத் தொலைகாட்டியைக்கொண்டே சிற்பி, உலை முதலிய குறுமண்டலங்களின் உடுக்கள் ஆயிரக்கணக்கில் வேகம் அளக்கப்பட்டன. அதே மலையில் ஒரு மீற்றர் விட்டமுள்ள சிறு தொலைகாட்டி ஒன்றும் உண்டு. அதன் பெயர் ஹென்றியெற்றா சுவோப். அம்மலையில் வானாராய்ச்சி நிலையம் அமைய அவ்வம்மையார் வழங்கிய கொடையின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 17 ஆம் நாள், தொலைதூர மண்டலமொன்றில் இரு நியூத்திரன் உடுக்கள் மோதிய ஒளியை உலகில் முதன்முதற் படம்பிடித்தது அச்சிறு தொலைகாட்டியே. நியூத்திரன் உடு என ஒன்று இருத்தல் கூடும் என 1934 ஆம் ஆண்டிற் சொன்ன இருவருள் ஒருவர் பாடே. அவருடைய தட்டுக்களை அளந்தவரின் பெயரைத் தாங்கிய கருவியே அம்மோதலின் ஒளியைக் கண்டது.

நம் கல்லூரியின் பௌதிக அறையிலும் கணித வகுப்பிலும் பயிலும் மாணவருட் சிலரேனும் இத்துறையை நாடுவர் என்பது நம் விருப்பம். அவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விட்ட இரவொன்றிற் தென்வானை நோக்குவாராயின், சிற்பி உடுத்தொகுதி இருக்கும் இடத்தில் ஒளிமிக்க மீன் எதனையும் காணார். வெறுமையாய்த் தோன்றும் அத்திசையிலேயே, கண்ணுக்குப் புலனாகாத அச்சிறுமண்டலம் ஏறக்குறைய இரண்டே முக்கால் இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் நிற்கின்றது. பாடேயின் பணி தொடங்கிய இடம் அது. அவர் சொன்னதைத் திருத்திய இடமும் அதுவே.